மலிவு விலை டொமைன்களை வாங்கி விற்க எந்தப் பதிவாளர் நல்லது?

வைகைக்கரை:

வணக்கம். சிறு கடைகள், பயிற்சி மையங்கள், வீட்டிலிருந்தே தொழில் நடத்துபவர்கள் ஆகியோருக்குப் பொருந்தும் டொமைன்களை, அதாவது இணையதளப் பெயர்களை, பதிவு செய்து, 40 டாலரிலிருந்து 100 டாலருக்குள் விற்று வருகிறேன். பெரும்பாலும் டாட் காம், கொஞ்சம் டாட் இன். சலுகை வந்த இடத்தில் எல்லாம் வாங்கியதால் பெயர்கள் நான்கைந்து பதிவாளர்களிடம் (பெயரைப் பதிந்து தரும் நிறுவனங்கள்) சிதறிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஓரிடத்துக்குக் கொண்டுவர நினைக்கிறேன்.

பெரிய விலைக்கு விற்பவர்கள் தரும் ஆலோசனை எனக்கு ஒத்துவரவில்லை. ஒரு பெயரை 5,000 டாலருக்கு விற்பவருக்குப் புதுப்பிப்பில் மூன்று டாலர் கூடினால் என்ன, குறைந்தால் என்ன? எனக்கு அது லாபத்தையே கடித்துவிடுகிறது. மலிவு விலையில் விற்பவர்கள் பதிவாளரை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

வலைக்கடை:

ரீசெல்லர் கணக்கு எடுத்துக்கொள்ளுங்கள். முன்பணம் போட்டு வைத்தால் மொத்த விலைக்குப் பெயர் கிடைக்கும், உங்கள் கடைப் பெயரிலேயே வாடிக்கையாளருக்குப் பதிவு செய்து தரலாம். மும்பையில் டைரக்டி தொடங்கிய ரீசெல்லர்கிளப்பை நம் ஊர் ஹோஸ்டிங் கடைகள் பலவும் அப்படித்தான் பயன்படுத்தின.

பெயர்ச்சந்தை:

வலைக்கடை சொல்வது வேறு தொழில். வாடிக்கையாளர் கேட்கும் பெயரைப் பதிவு செய்து தந்து, ஆண்டுதோறும் புதுப்பிப்பில் சிறு லாபம் பார்ப்பவர்களுக்கு அந்தக் கணக்கு சரி. வைகைக்கரை செய்வது, பெயரைத் தன் பெயரில் வாங்கி வைத்து, ஆள் வரும்போது ஒரேயடியாகக் கைமாற்றிவிடுவது. இதற்கு ரீசெல்லர் கணக்கு பெரிதாக உதவாது. வாங்கியவர் உங்கள் கடைக்குள்ளேயே மாட்டிக்கொள்வார், நாளை அவருக்கு வரும் தொல்லைக்கெல்லாம் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தம்பி, முதலில் தரைவிலை எது என்று மனத்தில் நிறுத்துங்கள். டாட் காம் பெயர்கள் அனைத்துக்கும் மூலப் பட்டியலை வைத்திருக்கும் பதிவகத்தை நடத்துவது வெரிசைன். எந்தப் பதிவாளராக இருந்தாலும் வெரிசைனுக்குக் கட்டும் தொகை ஒன்றுதான். 2021 ஆகஸ்ட் வரை அது 7.85 டாலராக இருந்தது. பிறகு ஆண்டுக்கு 7 சதவீதம் என்று நான்கு முறை ஏறி 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. இதோடு, டொமைன் முறையை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் கட்டணம் சேரும். 18 சென்ட்டாக இருந்த அதை 2025 ஜூலையில் 20 சென்ட் ஆக்கினார்கள். ஆக, இந்தக் கணக்குப்படி 10.46 டாலருக்குக் கீழே டாட் காம் தருபவர் தன் கையிலிருந்து போட்டுத் தருகிறார். போட்டதை எங்கோ ஓரிடத்தில் திரும்ப எடுப்பார். அந்த இடம் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்பு. அதனால் விலைப்பட்டியலில் முதல் கட்டத்தைக் கையால் மறைத்துக்கொண்டு புதுப்பிப்புக் கட்டத்தை மட்டும் படியுங்கள். போர்க்பன், டைனடாட், ஸ்பேஸ்ஷிப் போன்றவை தரைவிலையிலிருந்து அதிகம் விலகாமல் இருந்து வந்திருக்கின்றன. விளம்பரத்தில் எங்கும் கண்ணில் படும் பெரிய பெயர்களில் புதுப்பிப்பு 20 டாலரைத் தாண்டுவதும் உண்டு.

கிளவுட்ஃப்ளேர் 2018-லிருந்து லாபமே வைக்காமல் அடக்க விலைக்குத் தருகிறது. சொந்தத் தளம் நடத்துபவருக்கு அது அருமை. விற்பவருக்கு ஒரு தடை இருக்கிறது. பெயரைத் தட்டுபவரை எந்தத் தளத்துக்கு அனுப்புவது என்று சொல்வது நேம்சர்வர்; அங்கே பதிந்த பெயருக்கு அவர்களுடைய நேம்சர்வரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். டொமைன் விற்பனைச் சந்தைகளான ஆஃப்டர்நிக் அல்லது செடோவின் விற்பனைப் பக்கத்துக்கு நேம்சர்வரைத் திருப்பிவிட முடியாது. பெயரைத் தட்டிப் பார்த்து வருகிறவர்தான் உங்கள் முதல் வாடிக்கையாளர். அவர் கண்ணில் 'விற்பனைக்கு' என்ற பக்கம் படாவிட்டால் அடக்க விலையால் என்ன பயன்?

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நூறு பெயர் வைத்திருந்தால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு விற்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லோர் வாயிலும் இருக்கும் பேச்சு. நூறு டாட் காமைப் புதுப்பிக்க ஏறத்தாழ 1,100 டாலர். நீங்கள் 80 டாலருக்கு விற்று, சந்தைக்கு 20 சதவீதக் கமிஷன் போக 64 டாலர் கையில் நின்றால், புதுப்பிப்புச் செலவை மட்டும் ஈடுகட்டவே பதினேழு பதினெட்டுப் பெயர் விற்றாக வேண்டும். மலிவு விற்பனையில் வேகம்தான் எல்லாம். ஆகவே வேகத்தைக் கெடுக்காத பதிவாளர்தான் உங்களுக்கு வேண்டும். விலை அதற்கு அடுத்தபடிதான்.

கணக்குப்பிள்ளை:

பெயர்ச்சந்தை ஐயாவின் கணக்கிலிருந்தே நான் நேர் எதிரான முடிவுக்கு வருகிறேன். வேகம்தான் எல்லாம் என்றால் ஓராண்டுக்குள் விற்காத பெயரை விட்டுவிட வேண்டியதுதானே? நான் அப்படித்தான் செய்கிறேன். புதுப்பிப்பதே இல்லை. எனக்கு முதலாண்டு விலை மட்டுமே செலவு. எனவே சலுகை எங்கே இருக்கிறதோ அங்கே பதிகிறேன். இரண்டாம் ஆண்டு 22 டாலர் கேட்கிறார்களா, கேட்கட்டும். அதைக் கட்டப்போவது நான் இல்லை.

ஒரு பெயரை 49 டாலருக்கு விற்கிறேன் என்று வையுங்கள். 11 டாலருக்குப் பதிந்து, ஒருமுறை புதுப்பித்து, 10 டாலர் கமிஷன் கொடுத்தால் கையில் 17 நிற்கும். இரண்டு முறை புதுப்பித்தால் 6. சலுகையில் 5 டாலருக்குப் பதிந்து முதலாண்டிலேயே விற்றால் 34. எது மேல்?

தாமிரபரணி:

கணக்குப்பிள்ளை அவர்களே, 'கட்டப்போவது நான் இல்லை' என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்கு மாறுபாடு. அதைக் கட்டப்போவது உங்களிடம் வாங்கியவர். 49 டாலருக்குப் பெயர் வாங்குகிறவர் யார்? தொழில்முறை முதலீட்டாளர் அல்லர். வாழ்க்கையில் முதன்முதலாக டொமைன் வாங்கும் கடைக்காரர். பதிவாளர் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. நீங்கள் எந்தப் பதிவாளரிடம் வைத்து விற்கிறீர்களோ அங்கேயேதான் அவர் பல ஆண்டுகள் இருக்கப்போகிறார். அந்த வீட்டின் வாடகை இரண்டாம் ஆண்டில் இரட்டிப்பானால் உங்களைத்தான் திட்டுவார்.

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் செய்பவர் ஒருவருக்குப் பெயர் விற்றேன். பெயர் இருந்தது புஷ் வசதி, அதாவது ஒரே பதிவாளருக்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பெயரை அனுப்பும் வசதி, உள்ள ஒரு பதிவாளரிடம். அவரை அதே இடத்தில் இலவசக் கணக்குத் திறக்கச் சொன்னேன். பயனர் பெயரை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினார். என் கணக்கில் அந்தப் பெயரைக் கொடுத்து 'அனுப்பு' என்றேன். அவருக்கு மின்னஞ்சல் போனது, ஏற்றுக்கொள்ளும் பொத்தானை அழுத்தினார். கடையில் ஆள் வந்துகொண்டிருந்தபோதே, எடைபோடும் இடைவெளியில் வேலை முடிந்துவிட்டது. ஒரு பைசா கூடுதல் செலவு இல்லை.

அதே மாதம் இன்னொரு பெயர். அது மலிவுச் சலுகையில் வேறோர் இடத்தில் பதிந்தது. அங்கே கணக்கு விட்டுக் கணக்கு மாற்றும் வழி சிக்கலானது என்பதால் வாங்கியவரின் பதிவாளருக்கே மாற்றித் தருவதாகப் பேச்சு. பெயர் வெளியே போகாமல் காக்கும் பூட்டைத் திறந்து, கடவுச்சொல் போன்ற மாற்றக் குறியீட்டை அனுப்பினேன். அதில் இருந்தது சிறிய எல் எழுத்தா, ஒன்று என்ற எண்ணா என்று அவருக்குப் புரியவில்லை. நகலெடுத்து ஒட்டச் சொன்னேன், கடைசியில் ஓர் இடைவெளியும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. பிறகு புதிய பதிவாளர் மாற்றக் கட்டணமாக ஓராண்டுத் தொகை கேட்டார். 'பெயருக்குத்தான் காசு கொடுத்துவிட்டேனே, இது எதற்கு?' என்று கேட்டார் அவர். நியாயமான கேள்விதான். ஓராண்டு கூடுதலாகச் சேரும் என்று விளக்கிய பிறகும் பழைய பதிவாளர் ஐந்து நாள் காக்க வைத்தார். 60 டாலர் விற்பனைக்கு இத்தனை அலைச்சல். இத்தனைக்கும் அந்தப் பெயர் பதிந்து 60 நாள் கடந்திருந்தது. கடக்காத பெயர் என்றால் வேறு பதிவாளருக்கு மாற்றவே வழியில்லை, புஷ் மட்டும்தான்.

அதனால் வைகைக்கரைக்கு நான் சொல்வது: எந்தப் பதிவாளரையும் முடிவு செய்யும் முன் உங்களுக்கு இன்னொரு மின்னஞ்சலில் இரண்டாவது கணக்கு ஒன்று திறந்து, ஒரு பெயரை அதற்கு நீங்களே புஷ் செய்து பாருங்கள். எத்தனை பக்கம் தாண்ட வேண்டியிருக்கிறது, வாங்குபவருக்கு என்ன மின்னஞ்சல் போகிறது, ஏற்கும்போது மின்னஞ்சல் பெட்டி, பாதுகாப்புத் திட்டம் என்று எதையாவது தானாகவே கூடையில் போடுகிறார்களா என்று பாருங்கள். விலைப்பட்டியல் சொல்லாததையெல்லாம் அது சொல்லிவிடும்.

வைகைக்கரை:

அக்கா, இதை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. ஒரு சந்தேகம். புஷ் செய்த பிறகு உரிமையாளர் விவரத்தை அவர் மாற்றினால் அதற்கும் ஒரு பூட்டு விழும் என்று கேள்விப்பட்டேனே?

தாமிரபரணி:

விழலாம். 2016 டிசம்பர் 1-லிருந்து ஐகான் விதி அது. உரிமையாளர் பெயரோ நிறுவனமோ மின்னஞ்சலோ மாறினால் 60 நாள் வேறு பதிவாளருக்குப் போக முடியாதபடி பூட்டலாம். முன்கூட்டியே விலக்குக் கேட்க சில பதிவாளர்கள் வழிவிடுகிறார்கள், சிலர் விடுவதில்லை. கடைக்காரருக்கு இது பெரும்பாலும் தடையாக இராது, அவர் எங்கும் போகப் போவதில்லை. இருந்தாலும் காசு வாங்கும் முன் சொல்லிவிடுங்கள்.

இதைவிட முக்கியம், புது உரிமையாளருக்குப் போகும் மின்னஞ்சல் சரிபார்ப்பு. 15 நாளுக்குள் அந்த இணைப்பை அழுத்தாவிட்டால் பெயரையே முடக்கிவிடுவார்கள். தளம் திறக்காது, மின்னஞ்சல் வராது, 'ஏமாற்றிவிட்டார்' என்று உங்களுக்குத் தொலைபேசி வரும். நான் விற்ற பத்தாம் நாள் எல்லோரையும் அழைத்து, அழுத்திவிட்டீர்களா என்று கேட்டுவிடுகிறேன்.

கணக்குப்பிள்ளை:

வாங்குபவரின் இரண்டாம் ஆண்டுச் செலவு பற்றித் தாமிரபரணி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஓராண்டில் விட்டுவிடும் முறையை நான் கைவிடப் போவதில்லை. புதிய நீட்சிகளில் ஒரு டாலர், இரண்டு டாலருக்குப் பெயர் கிடைக்கிறதே, அதைக் கொண்டு மலிவு விற்பனை செய்ய முடியாதா? டாட் ஆன்லைன், டாட் ஸ்டோர், டாட் ஷாப் எல்லாம் கடைக்காரருக்குப் பொருத்தமான சொற்கள்தானே?

பெயர்ச்சந்தை:

அங்கே போகாதீர்கள் என்றே சொல்வேன். டாட் காமில் வெரிசைனின் விலையேற்றத்துக்கு ஒப்பந்தத்தில் ஒரு வரம்பாவது இருக்கிறது. புதிய நீட்சிகளில் பதிவகம் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். ஒரு டாலருக்கு வாங்கிய டாட் ஸ்டோரின் புதுப்பிப்பு டாட் காமைப் போல மூன்று மடங்கு, நான்கு மடங்கு ஆகிறது. சில பெயர்கள் பிரீமியம் என்று குறிக்கப்பட்டு ஆண்டுதோறும் தனி விலை கேட்கும். பதியும்போதே புதுப்பிப்பு விலையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட மோசம், மலிவாகக் கிடைப்பதால் ஸ்பேம் அனுப்புபவர்கள் அந்த நீட்சிகளை மூட்டை மூட்டையாக வாங்கிக் குவிப்பது. ஸ்பாம்ஹாஸ் போன்ற கண்காணிப்பு அமைப்புகள் எந்த நீட்சியில் கெட்ட பெயர்கள் அதிகம் என்று வெளியிடுகின்றன. உங்களிடம் வாங்கிய கடைக்காரர் விலைப்புள்ளி அனுப்பினால் அது வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டியில் போய் விழ வாய்ப்பு அதிகம். அவர் செய்த தவறு எதுவும் இல்லை, நீட்சியின் கெட்ட பெயர் அவர் தலையில் விழுகிறது.

மலிவு நீட்சிகளை மட்டுமே நம்பி நின்ற பதிவாளர்களின் கதியையும் பாருங்கள். ஜிப்ரால்டரிலிருந்து இயங்கிய ஆல்ப்நேம்ஸ் அடிமாட்டு விலைக்குப் புதிய நீட்சிகளை விற்றது. 2019-ல் ஐகான் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்தது, அங்கிருந்த பெயர்களை சென்ட்ரல்நிக்குக்கு மாற்றினார்கள். அதற்கு முன்னால் 2007-ல் ரெஜிஸ்டர்ஃப்ளை. அங்கீகாரம் போன பிறகு அதன் பெயர்கள் கோடாடிக்குப் போயின. டாட் டிகே போன்றவற்றை இலவசமாகவே அள்ளிக் கொடுத்த ஃப்ரீநோம் மீது மெட்டா வழக்குத் தொடுத்தது. 2023-ல் அங்கே புதிய பதிவு நின்றது, அடுத்த ஆண்டு தொழிலையே விட்டு விலகுவதாக அறிவித்தது. பதிவாளர் மூடினால் உங்கள் பெயர் அழிந்துவிடாது, அதற்கு ஐகான் ஏற்பாடு வைத்திருக்கிறது. ஆனால் அந்த மாற்றம் முடியும்வரை பெயரைக் கைமாற்றுவது சிரமம். பேசி முடித்த விற்பனை கையை விட்டுப் போகலாம். ஆகவே ஐகானின் அங்கீகாரப் பட்டியலில் நேரடியாக இருக்கும் பதிவாளர்தானா, அல்லது வேறொருவருக்குக் கீழே இருக்கும் கடையா என்று கட்டாயம் பாருங்கள்.

டாட் எக்ஸ்ஒய்ஸெட்டில் ஆறிலிருந்து ஒன்பது இலக்க எண் பெயர்களுக்குப் பதிவும் புதுப்பிப்பும் 99 சென்ட் என்று 2017-ல் கொண்டுவந்தார்கள். மலிவு என்றால் அதுதான் உண்மையான மலிவு. ஆனால் எண்களை வாங்க நம் கடைக்காரர் வரமாட்டார்.

கடற்கரைச்சாலை:

இந்தியாவிலிருந்து விற்பவர்கள் பணம் கட்டும் வழியைப் பார்க்காமல் பதிவாளரைத் தேர்ந்தெடுக்கவே கூடாது. 2021 அக்டோபர் 1-லிருந்து ரிசர்வ் வங்கியின் விதிப்படி, அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுக்க முன்கூட்டியே பதிவு செய்த ஒப்புதல் வேண்டும், எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு அறிவிப்பும் வர வேண்டும். வெளிநாட்டுப் பதிவாளர்கள் பலர் இந்த ஏற்பாட்டுக்குள் வரவில்லை. அதனால் 'தானாகப் புதுப்பி' என்று டிக் செய்து வைத்திருப்பீர்கள், அந்த நாளில் வங்கி மறுத்துவிடும். மறுத்தது உங்களுக்குத் தெரிவது பெயர் காலாவதியான பிறகு.

அதற்குப் பின் வரும் நாட்களைப் பற்றித் தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. டாட் காமில் காலாவதிக்குப் பின் 45 நாள் வரை சலுகைக் காலம், பிறகு 30 நாள் மீட்புக் காலம், கடைசியாக 5 நாளில் நீக்கம் என்று படிக்கிறோம். அந்த 45 நாள் பதிவகம் பதிவாளருக்குக் கொடுப்பது. உங்களுக்கு அதில் எத்தனை நாள் என்பது பதிவாளரின் விருப்பம். பலர் அந்தக் காலத்துக்குள்ளேயே பெயரை ஏலத்துக்கு விட்டுவிடுகிறார்கள். மீட்புக் காலத்துக்குள் போய்விட்டால் அபராதத் தொகை நீங்கள் விற்கும் விலையைவிட அதிகமாக இருக்கும். 60 டாலர் பெயரை 80 டாலர் கட்டி மீட்பவர் உண்டா?

எனவே கணக்கில் முன்பணம் போட்டு வைக்க வசதி தரும் பதிவாளரைப் பாருங்கள். நான் அடுத்த மூன்று மாதப் புதுப்பிப்புக்கான தொகையை எப்போதும் கணக்கில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக அட்டையைத் தேய்த்தால் அந்நியச் செலாவணிக் கட்டணம் மூன்று, மூன்றரை சதவீதம், அதற்கு மேல் வரி என்று சிறுகச் சிறுகப் போய்க்கொண்டே இருக்கும். டாட் இன் பெயர்களை மட்டும் யூபிஐ வாங்கும் உள்நாட்டுப் பதிவாளரிடம் வையுங்கள். டாட் இன்னில் உரிமையாளர் விவரத்தை மறைக்கும் சேவையை அதன் பதிவகமான நிக்ஸி அனுமதிப்பதில்லை, விவரத்தை உண்மையாகக் கொடுத்தாக வேண்டும். வாங்குபவரிடமும் இதை முன்பே சொல்லுங்கள்.

யாழ்நகர்:

தமிழ் எழுத்திலேயே உள்ள பெயர்களை யாராவது விற்றிருக்கிறீர்களா? டாட் இலங்கை, டாட் இந்தியா, டாட் சிங்கப்பூர் மூன்றும் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. டாட் காமிலும் தமிழ்ப் பெயர் பதியலாம்.

பெயர்ச்சந்தை:

பதியலாம், எனக்கும் மிகுந்த ஆசை. ஆனால் பதிவாளரின் பக்கத்திலும் விற்பனைச் சந்தையிலும் அது தமிழாகத் தெரியாமல் 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாகத் தெரிவதுண்டு. வாங்க வருபவர் அதைக் கண்டு பயந்துவிடுகிறார். தமிழில் காட்டும் பதிவாளரைத் தேடிப் பிடித்து, சந்தையை நம்பாமல் நேரடியாக விற்க முடிந்தால் செய்யுங்கள்.

கணக்குப்பிள்ளை:

சந்தையைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சேர்க்கிறேன். சதவீதக் கமிஷனை மட்டும் பார்க்காதீர்கள். சில சந்தைகளிலும், பணத்தை இடையில் வைத்திருந்து தரும் எஸ்க்ரோவிலும் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று உண்டு. 2,000 டாலர் விற்பனையில் அது கண்ணில் படாது. 50 டாலர் விற்பனையில் பாதியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். தன் சொந்தச் சந்தையை வைத்திருக்கும் பதிவாளரிடம் பெயர் இருந்தால் அங்கேயே பட்டியலிட்டு அங்கேயே கைமாற்றலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே என் டாட் காம்களில் நல்லவற்றைச் சலுகைக் கடைகளிலிருந்து நகர்த்திக்கொண்டிருக்கிறேன்.

பிராண்டுப் பெயர் கலந்தவற்றை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். புகார் கொடுப்பவர் உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் 1,500 டாலர் கட்டி வழக்குப் போடத் தயங்கமாட்டார். பதிவாளர் உடனே பெயரைப் பூட்டுவார். கணக்கில் உள்ள மற்றப் பெயர்களையும் சந்தேகத்தோடு பார்ப்பார்.

வைகைக்கரை:

முடிவு செய்துவிட்டேன். டாட் இன் எல்லாம் உள்நாட்டுப் பதிவாளரிடம். டாட் காம்களுக்கு இரண்டு பதிவாளர்களைத் தேர்ந்து, அக்கா சொன்னபடி இரண்டாவது கணக்குத் திறந்து புஷ் செய்து பார்த்துவிட்டு ஒன்றில் நிலைபெறப் போகிறேன். சில பெயர்கள் அடுத்த மாதம் காலாவதியாகின்றன. முதலில் புதுப்பித்துவிட்டு மாற்றுவதா, மாற்றிவிட்டுப் புதுப்பிப்பதா?

பெயர்ச்சந்தை:

தனியாகப் புதுப்பிக்க வேண்டாம் தம்பி. மாற்றத்துக்குக் கட்டும் தொகையிலேயே ஓராண்டு சேர்ந்துவிடும். காலாவதிக்கு இரண்டு வாரம் முன்பே மாற்றத்தைத் தொடங்குங்கள். காலாவதியான பிறகு பழைய இடத்தில் புதுப்பித்து, 45 நாளுக்குள் வேறிடம் மாற்றினால், கட்டிய ஓராண்டு காணாமல் போய்விடும். பலர் இதில் பணத்தை விட்டிருக்கிறார்கள்.

எல்லாப் பெயரையும் மாற்றாதீர்கள். ஆள் யாரும் விசாரிக்காத, விற்பனைப் பக்கத்துக்கு வருகையே இல்லாத பெயர்களை இருக்கும் இடத்திலேயே காலாவதியாக விடுங்கள். அவற்றுக்கு மாற்றச் செலவும் வீண். பதிந்து 60 நாள் ஆகாதவை காத்திருக்கட்டும்.

பழைய பதிவாளரின் இலவச நேம்சர்வரில் விற்பனைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தால் மாற்றம் முடிந்ததும் அது நின்றுவிடக்கூடும். தொடங்கும் முன்பே நேம்சர்வரை ஆஃப்டர்நிக்குக்கோ செடோவுக்கோ திருப்பி வையுங்கள். அங்கே, விற்றதும் பெயர் தானாகக் கைமாறும் விரைவு மாற்றத்துக்கு நீங்கள் கொடுத்த ஒப்புதல் பழைய பதிவாளரோடு சேர்ந்தது. புதிய இடத்தில் மறுபடி கொடுக்க வேண்டும், அந்த ஒப்புதல் மின்னஞ்சல் வந்ததா என்று ஒவ்வொரு பெயருக்கும் பாருங்கள்.